கதவைச் சாத்த வேண்டாம்

உக்காருங்க தங்கச்சி, எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கீங்க? நான் எங்க ஓடிடப் போறேன்? ஓடணும்னு நெனச்சாலும் இந்தக் கம்பி விடணுமே. அந்த ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்கோங்க. ஷூ கடிக்குதுன்னா கழட்டி வெச்சுக்கோங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

என்ன சொன்னாரு உங்க ஆபீசரு? நாலே முக்கால் ஆகுமாமா? ஆகட்டும், பாவம். சாவியைப் பையில போட்டுக்கிட்டு மீட்டிங்குக்குப் போன மனுஷனுக்கு, இங்க ஒருத்தன் மியூசியம் ஜெயிலுக்குள்ள போய்ச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பான்னு கனவா கண்டாரு? இப்ப மணி என்ன, மூணு பத்தா? ஒண்ணரை மணி நேரந்தானே. இதே ரூம்ல ஒருத்தன் பதினோரு வருஷம் இருந்தான்னு அந்தப் பலகையில எழுதி வெச்சிருக்கீங்க. எனக்கு என்ன வந்துச்சு?

திட்டணும்னா திட்டிருங்க, மனசுல வெச்சுக்காதீங்க. போர்டைப் பாக்கலைன்னு சொல்ல மாட்டேன். பாத்தேன். உள்ளே சென்று பார்க்கலாம், கதவைச் சாத்த வேண்டாம். சிவப்புல, கொட்டை எழுத்துல இருக்கு. போன வருஷந்தான் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், இப்ப ஊசியில நூல் கோக்கறேன். கை பட்டுச்சு, கதவு நகந்துச்சு, டக்குன்னு விழுந்துருச்சு. அவ்ளோதான். ரிப்போர்ட்ல என் தப்புன்னே எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன். நீங்க பக்கத்து ரூம்ல அந்தப் பஞ்சடைச்ச முதலை வாய்க்குள்ள கைய விட்ட பொண்ணை அதட்டப் போனீங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல நடந்தது. உங்க மேல என்ன தப்பு?

ஆனா ஒண்ணு சொல்லணும், பூட்டை நல்லா வெச்சிருக்கீங்க. யாரு எண்ணெய் போடறது? நீங்களா? மாசத்துக்கு ஒரு தடவையா? அதான். தையல் மெஷினுக்குப் போடற எண்ணெய்தானே? வாசனையே சொல்லுதே. சில பேரு சமையல் எண்ணெயை ஊத்திருவாங்க, ரெண்டே மாசத்துல உள்ள பிசின் மாதிரி பிடிச்சுக்கும். அப்புறம் பூட்டு சரியில்லைன்னு நம்மகிட்ட வந்து சண்டை.

எனக்கு எப்படித் தெரியும்னா... சொன்னா சிரிக்கக் கூடாது. நான் பூட்டு ரிப்பேர் பண்றவன்.

பாத்தீங்களா. சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனே. சரி, சிரிங்க. முப்பத்தோரு வருஷமா இதே தொழில். ஊருல எத்தனை பேரைக் கதவைத் திறந்து வெளிய விட்டிருக்கேன், கடைசியில நானே உள்ள மாட்டிக்கிட்டேன். எங்க தெருவுல மட்டும் தெரிஞ்சா போச்சு. பக்கத்துக் கடையில ஒரு டைலர் இருக்காரு, அவருக்குப் பத்து வருஷத்துக்கு இது போதும். வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கும் அளவெடுக்கும்போதே சொல்லுவாரு.

திறந்துக்க வேண்டியதுதானேங்கறீங்களா? கருவி இல்லையேம்மா. வெறுங்கையோட வந்திருக்கேன். அதுவுமில்லாம இது பழைய சாமான், மியூசியம் சொத்து. ஒரு கீறல் விழுந்தா உங்க தலையில விடியும். உங்க ஆபீசரே வந்து முறையா திறக்கட்டும்.

தண்ணியா? குடுங்க, கம்பிக்கு நடுவுல பாட்டில் நுழையுதான்னு பாருங்க. ஆ, வந்துருச்சு. நல்லாயிருப்பீங்க.

இங்க வரணும்னே கிளம்பலை தங்கச்சி. அதுதான் வேடிக்கை. காலையில எட்டு மணி இருக்கும், வீட்டை விட்டு இறங்கினேன். தெரு முனையில பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன். கண்டக்டர் எங்க போகணும்னு கேக்கறாரு. கடைசி ஸ்டாப் எதுவோ அதுக்குக் குடுங்கன்னேன். ஒரு மாதிரி பாத்தாரு. கால்ல பாருங்க, வீட்டுச் செருப்பு. மாத்திக்கக்கூட இல்லை.

இவ்வளவு பக்கத்துல இருக்கற ஊரு, ஒண்ணரை மணி நேரம். நான் வந்தது மொத்தமே ஒரு பத்து தடவை. வந்தா சாவிக் கம்பெனிக்கு நேராப் போவேன், வெட்டாத சாவி ரெண்டு டப்பா வாங்குவேன், மத்தியானத்துக்குள்ள கடைக்குத் திரும்பிருவேன். இங்க ஒரு மியூசியம் இருக்குங்கறதே இன்னைக்குத்தான் தெரியும். சரி, இன்னைக்கு ஒரு நாளாவது ஊர் சுத்திப் பாப்போம்னு வெச்சுக்கிட்டேன். யார் கேக்கப் போறா?

இருங்க, போன் அடிக்குது. மகன். அடிச்சுட்டு நிக்கட்டும். காலையில இருந்து இது பதிமூணாவது. எடுத்தா எங்க இருக்கீங்கம்பான். ஜெயில்ல இருக்கேன்னு சொன்னா நம்புவானா?

பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா ஒரு பாருக்குப் போனேன். மூஞ்சியைச் சுளிக்காதீங்க, ஒன்பது வருஷம் கழிச்சுப் போறேன். பதினோரு மணிக்குத்தான் திறப்பாங்கன்னு தெரியாம பத்துக்கே போய் நின்னேன். நாற்காலியெல்லாம் கவுத்து மேஜை மேல அடுக்கியிருக்கு. ஒருத்தர் தரையைத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. என்னை ஏற இறங்கப் பாத்தாரு, வீட்டுச் செருப்பைப் பாத்தாரு, என்ன நெனச்சாரோ, ஒரே ஒரு நாற்காலியை மட்டும் இறக்கிப் போட்டாரு. சுத்திலும் நாற்காலிக் காலா நட்டுக்கிட்டு நிக்குது, நடுவுல நான் ஒருத்தன் பீரு முன்னாடி உக்காந்திருக்கேன். கசந்துச்சு. இதையா அந்தக் காலத்துல ஓடி ஓடிக் குடிச்சோம்னு ஆயிடுச்சு.

விட்டதுக்குக் காரணம் எங்க வீட்டம்மா. சண்டை போட்டு விட வைக்கலை. அவ சண்டையே போட மாட்டா. நான் குடிச்சுட்டுக் கடைக்கு வந்தா, ஒரு பூட்டை எடுத்து என் முன்னாடி வெப்பா. அம்பது எண்றதுக்குள்ள திறங்கம்பா. கம்பியை உள்ள விட்டுத் தடவிக்கிட்டே இருப்பேன், அவ எண்ணிக்கிட்டே இருப்பா. ஒரு நாள் அம்பது முடிஞ்சுது, நூறு முடிஞ்சுது, திறக்கலை. அவ என் கையில இருந்து வாங்கி, பன்னெண்டு எண்றதுக்குள்ள திறந்து, மேஜை மேல வெச்சுட்டுச் சாப்பாடு எடுத்து வெக்கப் போயிட்டா. அன்னைக்கு விட்டதுதான்.

ஆமா, அவளுக்கும் தொழில் தெரியும். தெரியுமாவா? கடைக்கு வர்றவங்க அவளை முதலாளியம்மான்னுதான் கூப்பிடுவாங்க, என்னை வெறும் பூட்டுக்காரரு. சாவி வெட்டற மெஷின் அவளோடது, நான் தொட்டா கையில தட்டுவா. கரண்ட் இல்லாத நேரத்துல சாவிப் பல்லைத் தடவிப் பாத்தே இது யார் வீட்டுச் சாவின்னு சொல்லுவா. வந்தவங்களை உக்காருங்க, இப்ப ஆயிடும், உக்காருங்கம்பா. அந்தக் குரலைக் கேட்டாலே பாதிப் பேருக்குப் பூட்டு திறந்த மாதிரி ஆயிடும்.

உசிரோடதான் இருக்காம்மா. இருக்கா. நான் பேசறதைப் பாத்துட்டு அப்படிக் கேட்டுட்டீங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லை, மறதி. நாலு வருஷமா. முதல்ல பேரு மறந்துச்சு, அப்புறம் தெரு மறந்துச்சு, இப்ப ஆளே மறக்குது. சில நாள் என்னைத் தெரியும். சில நாள் நானும் கஸ்டமர். உக்காருங்க, இப்ப ஆயிடும்பா. நானும் உக்காந்துக்குவேன். வேற என்ன செய்யறது?

அந்த ஒரு பாரோட நிறுத்தலை, ரெண்டாவது ஒண்ணும் இருந்துச்சு. அதுக்கும் போனேன், ஏன் கேக்கறீங்க. முதல் இடத்துல நாற்காலி சரியில்லைன்னு ரெண்டாவது இடம். இங்க கூட்டம், பாட்டு, டிவியில பந்து விளையாட்டு. ஒரு கிளாஸ் சொல்லிட்டுப் பாத்ரூம் பக்கம் போனேன். உள்ளேயிருந்து யாரோ தட்டற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் தங்கச்சி. கோவத்துல தட்டறது ஒரு மாதிரி இருக்கும், அவசரத்துல தட்டறது ஒரு மாதிரி. தட்டித் தட்டி அலுத்துப் போய், யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சே தட்டறது ஒண்ணு இருக்கு. இது அது. தாழ்ப்பாள் உள்பக்கம் சிக்கியிருக்கு. வெயிட்டர்கிட்ட ஒரு ஸ்பூன் வாங்கி, இடுக்குல விட்டு ஒரு நெம்பு. திறந்துருச்சு. ஆறடி ஆளு, டை கட்டியிருக்காரு, ஆபீஸ்ல பெரிய பதவி மாதிரி இருந்தாரு. வெளிய வந்தவரு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறாரு. எவ்ளோ நேரம் இருந்திருப்பாரு, பத்து நிமிஷம். சார், வெளியில பாட்டு கேக்குது, சிரிக்கறது கேக்குது, கிளாஸ் வெக்கறதுகூடக் கேக்குது, நான் தட்டறது மட்டும் ஒருத்தருக்கும் கேக்கலைங்கறாரு.

எனக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. வாங்கியும் வெச்சாரு. அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

இல்லை இல்லை, அதை ஸ்பூன்ல திறந்தேன்னா அது தாழ்ப்பாள். இது பூட்டு. ரெண்டும் ஒண்ணா? நல்ல ஆளு நீங்க, போலீஸ்ல சேந்திருக்கணும்.

அப்புறம் வெயில்ல நடந்தேன். நிழலுக்கு ஒதுங்கினா உங்க வாசல். சீட்டு வாங்கிக்கிட்டு உள்ள வந்தேன். பஞ்சடைச்ச பறவை பாத்தேன், கடிகாரம் பாத்தேன். அந்தப் பூட்டு வெச்சிருக்கற கண்ணாடிப் பெட்டி இருக்கே, அங்க மட்டும் அரை மணி நேரம் நின்னேன். உங்க ஆபீசர்கிட்ட சொல்லிருங்க, மூணாவது பெட்டியில இருக்கற சாவி அந்தப் பூட்டோடது கிடையாது. அது ஏதோ பீரோ சாவி. முதலாளியம்மா பாத்திருந்தா வாசல்லயே நின்னு சிரிச்சிருப்பா. எனக்கு ஒரு நிமிஷம், திரும்பி அவகிட்ட காட்டணும்னு தோணுச்சு. திரும்பியே பாத்துட்டேன். பின்னாடி நீங்க நின்னீங்க.

வாங்க சார், வாங்கம்மா, பாருங்க. இல்லை பாப்பா, நான் பொம்மை இல்லை. அசைவேன், இதோ பாரு. திருடனா? இல்லடா கண்ணு. சும்மா உக்காந்திருக்கேன். எப்ப வெளிய வருவேனா? அந்த ஆன்ட்டிகிட்ட கேளு... போயிட்டாங்களா? அவங்க அப்பா காதுல என்னமோ சொல்றாரு பாத்தீங்களா, இவர் நடிகர், சம்பளத்துக்கு உக்கார வெச்சிருக்காங்கன்னு. நல்ல வேலைதான். காலியா இருந்தா எனக்குப் போட்டுக் குடுங்க.

இன்னைக்கா? இன்னைக்கு வீட்டம்மாவை மருமக பாத்துக்குது. லீவு போட்டிருக்கு. மருமகளை ஒரு குத்தம் சொல்ல மாட்டேன் தங்கச்சி, என் மகளா இருந்தாக்கூட இவ்ளோ செஞ்சிருக்காது. வேலைக்கும் போகுது, பேத்தியையும் பாத்துக்குது, இவளையும் குளிப்பாட்டுது. கஷ்டம் என்னன்னா, இவ வெளிய போயிடறா. கொஞ்சம் கண்ணசந்தா போதும், கதவைத் திறந்துக்கிட்டுக் கிளம்பிருவா. கடை திறக்கணும்பா. நாங்க மேல தாழ்ப்பாள் வெச்சோம், ஸ்டூல் போட்டு ஏறித் திறந்தா. உள்பக்கம் பூட்டு தொங்க விட்டோம், தலையில இருந்து கொண்டை ஊசியை எடுத்தா, முடிஞ்சுது. நம்பர் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தான் மகன். காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே திருப்பினா பாருங்க! பெத்த பிள்ளை பேரு ஞாபகமில்லை, அந்த விரலுக்கு எல்லாம் ஞாபகமிருக்கு. மகன் தலையில அடிச்சுக்கிட்டான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. வெளிய சொல்ல முடியுமா?

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டைலர் கடையைத் திறந்துட்டா. ஆமாம்மா, அவரோட கடையை. ஷட்டரைத் தூக்கிட்டு உள்ள போய், பட்டனையெல்லாம் நிறவாரியாப் பிரிச்சு வெச்சுட்டு, கல்லா முன்னாடி உக்காந்திருக்கா. டைலர் ஓடி வந்து பாத்தா, உக்காருங்க, இப்ப ஆயிடுங்கறா. அவரு நல்ல மனுஷன். அவரோட கடையிலயே கஸ்டமர் மாதிரி பத்து நிமிஷம் உக்காந்துட்டு, அப்புறந்தான் என்னைக் கூப்பிட்டாரு.

அதுவரைக்கும் சிரிச்சோம். போன மாசம் பெரிய ரோட்டுக்குப் போயிட்டா. நடு ரோடு. லாரிக்காரன் போட்ட பிரேக்குல தெருவே திரும்பிப் பாத்துச்சாம். மருமக வெறுங்காலோட ஓடி, விழுந்து, முட்டியில ஏழு தையல். அன்னைக்கு மகன் அழுதான். அப்பா, வெளிப்பக்கம் பூட்டு போடுங்க, உள்பக்கம் துவாரமே இல்லாத பூட்டா போடுங்க, உங்களால முடியும். இல்லைன்னா ஏதாவது ஹோம்ல சேத்துடலாம், ரெண்டுல ஒண்ணு இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்கன்னான். அவனை என்ன சொல்ல? அவன் சொல்றதுல என்ன தப்பு? ஹோமுக்கு அனுப்பறதுக்கு என் உசிரைக் கேட்டுருக்கலாம் அவன். பூட்டுன்னாலும்... அவளுக்கு நான் பூட்டு போடறதா? அவகிட்ட நான் ஒரு பூட்டை மறைச்சதே இல்லை, முப்பத்தோரு வருஷத்துல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன்.

அவ நல்லதுக்குத்தான். ஆமா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. டாக்டரும் சொன்னாரு, டைலரும் சொன்னாரு, இப்ப நீங்களும் சொல்றீங்க. நான் மட்டும் என்ன மறுத்தா பேசினேன்?

பதினாலாவது தடவை. அடிக்கட்டும்.

இந்த ரூமு அகலத்துக்கு நாலு எட்டு, நீளத்துக்கு ஆறு எட்டு. அளந்து பாத்தேன், வேற என்ன வேலை. எங்க வீட்டு உள்ரூமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனா இங்க பரவாயில்லை, தெரியுமா. கம்பிக் கதவு. காத்து வருது. உங்க முகம் தெரியுது. பேசறதுக்கு ஒரு ஆள் இருக்கு. அங்க மரக்கதவு, நானே தேர்ந்தெடுத்து வாங்கிப் போட்ட கெட்டி மரம். இப்ப மணி என்ன? நாலு இருபதா? ஆபீசர் கிளம்பியிருப்பாரு.

தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. கை தவறலை. நானேதான் சாத்தினேன்.

பைத்தியமெல்லாம் இல்லை. குடிச்சது ஒரே ஒரு பீரு, அதுவும் பாதி. இந்த மாதிரிப் பூட்டு சாத்தினா தானே விழும், வெளியில இருந்துதான் திறக்கும்னு பாத்தவுடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இழுத்துச் சாத்தினேன். இதைத் திறக்க எனக்கு உங்க ஆபீசரும் வேண்டாம், சாவியும் வேண்டாம். பாக்கத்தான் யானை மாதிரி இருக்கு, உள்ள ரெண்டே ரெண்டு தடுப்பு. இதோ பாருங்க, சட்டைப் பையில நாலு கொண்டை ஊசி. நாலையும் சேத்து முறுக்கினா நல்ல கொக்கி. கம்பிக்கு நடுவுல கையை விட்டா துவாரம் எட்டுது. ரெண்டு நிமிஷ வேலை.

அப்ப ஏன் இவ்ளோ நேரம் உக்காந்திருந்தீங்கன்னா... உள்ளேயிருந்து எப்படி இருக்குன்னு தெரியலையே எனக்கு. வாழ்நாள் பூரா கதவுக்கு வெளிப்பக்கமே நின்னவன். தட்டறவங்க எல்லாம் உள்ள, நான் வெளிய. அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வேலையை முடிச்சமா, பையைத் தூக்கினமான்னு இருந்துட்டேன். இன்னைக்கு உக்காந்து பாத்தேன். உங்ககூட வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தும் நெஞ்சு அடைக்குதும்மா. பேச்சு நின்னா கத்திருவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் இவ்ளோ பேசினேன்.

ஊசி யாரோடதா? அவளோடது. நேத்து சாயங்காலம் அவ தலையில இருந்து எடுத்தேன். பின்னலை அவுத்து, ஒவ்வொண்ணா. தலை வாரி விடறேன்னு நெனச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு குடுத்தா.

அந்தப் பூட்டைப் போட்டுட்டேன் தங்கச்சி. நேத்தே போட்டாச்சு. அவ்ளோ நாள் தள்ளிப் போட்டவன் நேத்து என்னமோ ஒரு வேகத்துல கருவிப் பெட்டியை எடுத்தேன். கேளுங்க, இதைக் கேளுங்க. அவதான் கூட நின்னா. பெட்டியைப் பாத்ததும் மூஞ்சில ஒரு வெளிச்சம். ஸ்க்ரூ ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா, பெரிசு முதல்ல, சின்னது அப்புறம். மூணாவது கோணலா இறங்குது, எடுத்துட்டுத் திருப்பிப் போடுங்கன்னா. போட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம் கதவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தடவிப் பாத்துட்டு, உள்பக்கம் துவாரம் வெக்க மறந்துட்டீங்களேன்னா. நாளைக்கு வெச்சுடறேன்னேன். சரி, மறந்துராதீங்கன்னா.

மகன் தட்டிக் குடுத்துட்டுப் போனான். சாவி மருமககிட்ட. சாப்பாடு, தண்ணி, எதுக்கும் குறையில்லை. அடைச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சுராதீங்க. மணிக்கு ஒரு தடவை திறந்து பாக்கறாங்க. அதனாலதான் இந்தப் போனு. காலையில இருந்து சாப்பிட மாட்டேங்கறாளாம், ஒரு செய்தி அனுப்பியிருக்கான். படிச்சேன், பத்தரை மணிக்கு, அந்த நாற்காலிக் காலுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு.

கொஞ்சம் கையை எடுங்க, இந்தக் கம்பி வழியா விடறேன். ஆ, இதோ இருக்கு முதல் தடுப்பு. நீங்க போட்ட எண்ணெய்க்குப் புண்ணியம்.

காலையில எட்டு மணிக்கு டீ எடுத்துக்கிட்டுப் போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன், சாவி கேக்கணும் மருமககிட்ட. உள்ளேயிருந்து மூணு தட்டு. மெதுவா, மரியாதையா, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி. யாருங்க வெளியில, இந்தக் கதவு மாட்டிக்கிச்சுங்க, என்கிட்ட ஊசிகூட இல்லைன்னா. நான் டீயைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுபடியும் சொன்னா. உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, தெருக்கோடியில ஒரு பூட்டுக் கடை இருக்கு, அங்க ஒருத்தரு இருப்பாரு, அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. நல்ல மனுஷன், சொன்னா உடனே வந்துருவாரு, யாரையும் காக்க வைக்க மாட்டாருன்னா.

டீயை ஜன்னல் மேல வெச்சேன். செருப்பை மாட்டினேன். பஸ் நின்னுச்சு.

டக். கேட்டுச்சா? திறந்துருச்சு. பாருங்க, ஒரு கீறல் இல்லை. ஆபீசர் வந்தா சாவி தேவைப்படலைன்னு சொல்லிருங்க. அழாதீங்கம்மா, எதுக்கு அழறீங்க, நான் அழுது முடிச்சுட்டேன். அந்த ஊசியைத் துவாரத்துல இருந்து உருவி இப்படிக் குடுங்க, நிமித்திக்கணும், அவ தலையில திரும்ப வெக்கணுமே.

ரோடா? ரோடு அங்கயேதான் இருக்கும், இவளும் கிளம்பத்தான் போறா. உக்காந்து யோசிச்சேன், உங்க ஜெயிலு அதுக்கு உதவிச்சு. அந்தப் பூட்டைக் கழட்டிருவேன். அதே கதவுல எட்டுப் பூட்டு போடுவேன், எட்டுக்கும் துவாரம் அவ பக்கம். ஒண்ணைவிட ஒண்ணு கஷ்டமா, கடையில இருக்கறதுலயே நல்ல பூட்டா. அவ திறக்கட்டும், ஊசி அவ தலையிலயே இருக்கட்டும். எட்டாவதைத் திறக்கறதுக்குள்ள நான் எழுந்து, செருப்பை மாட்டிக்கிட்டு, வெளியில நிப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா போய்க் கடையைத் திறப்போம். எத்தனை நாளைக்கு முடியும்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. மகன்கிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்கு இப்படிப் போனா கிட்டமா, சுத்தியா? சரி, வரேன். நேரமாயிடுச்சு தங்கச்சி. காலையில எட்டு மணிக்கே ஒரு அம்மா பூட்டுக்காரருக்குச் சொல்லி விட்டாங்க, நான் இன்னும் போய்ச் சேரலை.